மூன்று படிகள்

நான் குமாஸ்தாவாக இருக்கும் வங்கிக் கிளையின் வாசலில் மூன்று படிகள். ஆறு வருஷங்களாக ஒரு வாடிக்கையாளர் அந்தப் படிகளுக்குக் கீழேயே நின்றுவிடுகிறார். இளம்பிள்ளை வாதத்தில் கால்கள் போனவர். மூன்று சக்கர வண்டி. பஸ் நிலையத்தருகே ஒரு பெட்டிக்கடை. வாரம் ஒரு முறை பணம் கட்ட வருவார். வாட்ச்மேன் வந்து சொன்னதும் நான் இறங்கிப் போவேன். வெயிலில் நின்று நோட்டுகளை எண்ணி, சலானை நிரப்பி, மேலே வந்து முத்திரை குத்தி, அடிச்சீட்டைத் திரும்பக் கொண்டுபோய்க் கொடுப்பேன். "உங்களுக்குப் புண்ணியம் ஸார்" என்பார். அந்த நாட்களில் மத்தியானச் சாப்பாடு எனக்குக் கொஞ்சம் கூடுதலாக ருசித்தது என்பதை ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

போன வருஷம் நான் பத்து நாள் லீவில் இருந்தேன். யாரும் இறங்கிப் போகவில்லை. திரும்பி வந்ததும் அவர் சொன்னார்: "நீங்க இல்லேன்னா எனக்கு பேங்க்கே இல்ல ஸார்." இது புகார் அல்ல, வெறும் தகவல். ஆனால் அன்றிலிருந்து அவர் வக்கீல் தேட ஆரம்பித்தார்.

முதல் வக்கீல் கேட்ட கேள்வி: "அவங்கதான் இறங்கி வந்து வாங்கிக்கிறாங்களே, அப்புறம் என்ன கேஸ்?" இரண்டாமவர் பணத்தையும் வக்காலத்தில் கையெழுத்தையும் வாங்கிக்கொண்டதோடு சரி. 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின்படி ஊனமுற்றவருக்கு இலவச சட்ட உதவி உண்டு, அதற்கு வருமான வரம்பு கிடையாது என்பது அவருக்கும் தெரிந்திருக்கவில்லை, பி.ஏ. படித்த எனக்கும் தெரிந்திருக்கவில்லை. அரை நாள் லீவு போட்டு அவரோடு கோர்ட் வளாகத்துக்குப் போனேன். சட்ட உதவி அலுவலகம் மாடியில் இருந்தது. அங்கிருந்த இளம் வழக்கறிஞர் கீழே இறங்கி வந்து, வேப்பமரத்தடியில் நின்றபடி எல்லாவற்றையும் கேட்டார். அவரும் இறங்கித்தான் வந்தார்.

அவர் சொன்னவை தெளிவாக இருந்தன. 2016-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பொதுமக்கள் வந்துபோகும் கட்டிடம் அரசுடையதானாலும் தனியாருடையதானாலும் எல்லோரும் நுழையத் தக்கதாக இருக்கவேண்டும். விதிகள் 2017-இல் வந்தன. பழைய கட்டிடங்களுக்குக் கொடுத்த ஐந்தாண்டுக் கெடு 2022-இல் முடிந்துவிட்டது. எங்களுடையது மத்திய அரசின் வங்கி என்பதால் தில்லியிலுள்ள முதன்மை ஆணையருக்கு மனுப்போடலாம். சாட்சிகளை அழைக்க, ஆவணங்களைத் தருவிக்க, சிவில் கோர்ட்டுக்குள்ள அதிகாரம் அவருக்கு உண்டு. ஆனால் முடிவில் அவர் தருவது பரிந்துரை. ஏற்காவிட்டால் வங்கி மூன்று மாதத்துக்குள் காரணம் சொல்லவேண்டும். விதிகளே பலவீனமாகத்தான் இருந்தன. பார்வையற்றவரான ராஜீவ் ரத்தூரி 2005-இல் தொடுத்த வழக்கில், இந்தத் தர அளவுகள் வெறும் யோசனைகளாக இருந்தால் போதாது, கட்டாயமாக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொல்ல 2024 நவம்பர் ஆகிவிட்டது.

கடைசியாக அவர் கேட்டார்: "உள்ளே போக முடியலைங்கறதுக்கு ரிக்கார்டு என்ன இருக்கு?"

ஒன்றும் இல்லை. ஆறு வருஷச் சலான்களிலும் என் கையெழுத்து; பணம் கவுண்டரில் கட்டப்பட்டதாக முத்திரை. காகிதத்தைப் பொறுத்தவரை இந்த மனிதர் வாராவாரம் மூன்று படிகள் ஏறி, வரிசையில் நின்று, எல்லோரையும் போலப் பணம் கட்டிப் போயிருக்கிறார். அவருக்கு இழைக்கப்பட்டதன் தடயத்தை வாரத்துக்கு ஒன்றாக அழித்தது நான். அதைத்தான் அவர் புண்ணியம் என்று சொல்லிவந்தார்.

கருணை பற்றி நமக்குள்ள மரியாதையை இந்த இடத்தில் வைத்துப் பார்க்கவேண்டும் என்று தோன்றுகிறது. சிமோன் வெய்ல் தன் கடைசிக் காலத்தில் லண்டனில் எழுதிய கட்டுரை ஒன்றில் உரிமை என்ற கருத்தையே சந்தேகிக்கிறார்: அதில் வியாபார வாடை அடிக்கிறது, அளந்து பங்கு கேட்கும் குரல் அது, அதைவிட ஆழமான ஒன்றை அது மறைத்துவிடுகிறது என்கிறார். கல்லூரி நாட்களில் இது என்னை மிகவும் வசீகரித்தது. இன்று இதை ஏற்க முடியவில்லை. அளந்து கேட்பது கேவலமாகத் தெரிவது, எதையும் அளந்து வாங்கவேண்டிய அவசியமில்லாதவர்களுக்குத்தான். படிக்குக் கீழே நிற்பவனுக்குச் சாய்தளத்தின் அளவு, அதன் ஏற்றம், கைப்பிடியின் உயரம் எல்லாமே முக்கியம். உரிமை என்பது நான் லீவில் இருக்கும்போதும் செல்லுபடியாக வேண்டும். என் கருணைக்கு அந்த யோக்யதை இல்லை.

அக்கறை மறுப்பாகவும் வேலை செய்யும். பார்வையற்றவர்களுக்குச் செக் புத்தகமும் லாக்கரும் தராமலிருக்க வங்கிகள் சொல்லிவந்த காரணம், அவர்களுக்கு ஆபத்து என்பது. அந்த ஆபத்து மற்ற வாடிக்கையாளர்களுக்கும் உண்டு என்று முதன்மை ஆணையர் 2005-இல் உத்தரவிட்டார். ரிசர்வ் வங்கி 2008-இல் அதை எல்லா வங்கிகளுக்கும் சுற்றறிக்கையாக அனுப்பியது. எவ்வளவு எளிய வாக்கியம்! அதைச் சொல்ல ஒரு வழக்கு வேண்டியிருந்திருக்கிறது.

நம் கதைகளும் இதிலிருந்து தப்பவில்லை. ஊனமுற்றவர் வருகிறார்; கதாநாயகனின் மனம் நெகிழ்கிறது; கதை முடிகிறது. நெகிழ்வுக்குப் பின் படிகள் என்ன ஆயின என்று எந்தக் கதாசிரியரும் கேட்பதில்லை. நானும் அப்படி இரண்டு கதைகள் எழுதியிருக்கிறேன்.

அவர் என்னிடம் கேட்டது ஒரே ஒரு காகிதம். "இவரிடமிருந்து பணம் தெருவில் வைத்து வாங்கப்பட்டது, உள்ளே வர வழியில்லாததால்" என்று எழுதி என் கையெழுத்து. கவுண்டருக்கு வெளியே பணம் வாங்குவது விதிமீறல். உண்மையைச் சொன்னால் முதல் குற்றவாளி நான்தான். இறங்கிப்போக எனக்கு ஆறு வருஷமும் தயக்கம் இருந்ததில்லை. இதை எழுத எட்டு நாள் ஆயிற்று. அந்த எட்டு நாட்களில் வாட்ச்மேன் வந்து கூப்பிட்டபோது, கை வேலையாக இருப்பதாகச் சொல்லி வேறொருவரை அனுப்பினேன்.

ஒன்பதாம் நாள் கையெழுத்துப் போட்டேன். இதில் தைரியம் ஒன்றுமில்லை. அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் போனதுதான் காரணம். எனக்கு மெமோ வந்திருக்கிறது, பதில் எழுதிக்கொண்டிருக்கிறேன். மனு தில்லிக்குப் போயிருக்கிறது. படிகள் மூன்றும் அப்படியே இருக்கின்றன. நான் இன்னும் இறங்கிப் போகிறேன். இப்போது சலானில் 'வாசலில் பெறப்பட்டது' என்று எழுதுகிறேன். மானேஜர் அதைப் பார்த்து முகம் சுளிக்கிறார்.

அவர் இப்போது புண்ணியம் என்று சொல்வதில்லை. அடிச்சீட்டை வாங்கி, தேதியைச் சரிபார்த்துவிட்டு வண்டியைத் திருப்புகிறார். எனக்குத்தான் இது இன்னும் பழகவில்லை.