இன்று என்ன கிழமை?

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை, ஸுப்ஹுத் தொழுகையை முடித்துவிட்டு, 24 மணி நேரமும் திறந்திருக்கும் ஓர் உணவுக்கடையில் தேநீர் அருந்த அமர்ந்தோம். இரவு வேலை முடிந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்தார் சிப்பந்தி ஒருவர். இராமநாதபுரம் பக்கத்துப் பிள்ளை. "ஹஜ்ரத், இன்றைக்கு ஜும்ஆவுக்கு எப்படியும் எழுந்து வந்துவிடுவேன்" என்றார். "தம்பி, ஜும்ஆ நேற்றல்லவா முடிந்தது!" என்றோம். அவர் சிரிக்கவில்லை. விரல்களை மடக்கி எண்ணிப் பார்த்தார். கணக்கு எங்கோ தவறியது. ஒன்றும் பேசாமல் மாடிக்குப் போய்விட்டார். அந்த மாடி அறையின் ஜன்னல்களில், பகலில் உறங்குவதற்காகக் கறுப்புத் துணி கட்டியிருக்கிறது.

இதை வெறும் மறதியென்று தள்ளிவிட நமக்கு மனம் வரவில்லை. பகலும் இரவும் தெரியாத இடத்தில் தனித்திருக்கும் மனிதனுக்கு என்ன நேர்கிறது என்பதைத் தம் உடம்பிலேயே சோதித்துப் பார்த்தவர் ஒருவர் உண்டு. பிரெஞ்சு நாட்டு நிலவியல் அறிஞர் மிஷேல் ஸிஃப்ர் என்பவர், 1962-ம் ஆண்டு ஜூலை மாதம், தமது 23-ம் வயதில், ஆல்ப்ஸ் மலையிலுள்ள ஒரு பனிக் குகைக்குள் சுமார் 130 மீட்டர் ஆழத்தில் இறங்கினார். கடிகாரம் இல்லை, சூரிய வெளிச்சம் இல்லை, பேச்சுத் துணையும் இல்லை. ஒரு தொலைபேசி மட்டும் இருந்தது. விழிக்கும்போதும் உண்ணும்போதும் உறங்கப் போகும்போதும் அவர் மேலே உள்ளவர்களுக்குச் சொல்வார். அவர்களோ தாமாக அவரை அழைக்கக் கூடாது, மணி என்னவென்று சொல்லவும் கூடாது என்பது ஏற்பாடு.

செப்டம்பர் 14-ந் தேதி, "கெடு முடிந்தது, வெளியே வரலாம்" என்று அறிவித்தபோது அவர் திகைத்துப் போனார். அவருடைய கணக்கில் அன்று ஆகஸ்டு 20! இருபத்தைந்து நாட்கள் அவர் கையைவிட்டு நழுவியிருந்தன. விநாடிக்கு ஒன்றாக 120 வரை எண்ணும்படி வைத்த சோதனையில், இரண்டு நிமிடத்தில் முடிய வேண்டிய எண்ணிக்கைக்கு ஐந்து நிமிடம் பிடித்ததாம். ஆனால் ஒரு விந்தை பாருங்கள்: அவர் உறங்கி விழித்த நேரங்களை மேலேயிருந்தவர்கள் குறித்து வைத்ததில், ஒரு சுற்று ஏறக்குறைய 24½ மணியாகவே இருந்தது. உடம்பென்னும் கணக்கப்பிள்ளை பேரேட்டை ஓரளவு ஒழுங்காகவே எழுதிவந்திருக்கிறார். முதலாளியாகிய மனம்தான் அதைப் புரட்டிப் பார்க்க வழியில்லாமல் இருந்திருக்கிறது.

1972-ல் அமெரிக்காவின் டெக்ஸாஸில் மீண்டும் ஆறு மாதத்துக்கு மேல் குகைவாசம் செய்தார். இம்முறை சில சமயங்களில் அவருடைய ஒரு நாள் 48 மணி வரை நீண்டது. தனிமை அவரை வாட்டியது. குகைக்குள் வந்த ஓர் எலியோடு சிநேகம் கொள்ள விரும்பி, அதைப் பாத்திரத்தால் மூடிப் பிடிக்கப் போனார். பாத்திரம் அதன்மேல் விழுந்து எலி இறந்தது. ஓர் எலிக்காக அந்தப் படித்த மனிதர் அடைந்த துயரம் சொல்லுந்தரமன்று.

வெள்ளிக்கிழமைதோறும் ஸூரத்துல் கஹ்பை ஓதும் நமக்கு இது புதிய செய்தியா? குகைத் தோழர்கள் விழித்தெழுந்ததும், ஒரு நாளோ அதில் சிறிது பொழுதோ தங்கியிருப்போமென்றுதான் எண்ணினார்கள். திருக்குர்ஆன் கூறும் கணக்கோ முந்நூறு ஆண்டுகளும் மேலும் ஒன்பதும். உணவு வாங்கிவர வெள்ளிக்காசு கொடுத்து ஒருவரை ஊருக்குள் அனுப்பினார்கள். அந்தப் பழங்காசே அவர்களைக் காட்டிக் கொடுத்தது என்பர் விரிவுரையாளர்கள். வியாபாரிகளாகிய நாம் கவனிக்க வேண்டும்: குகைக்குள் தெரியாத காலம் கடைத்தெருவில் தெரிந்தது! மறுமையில், பூமியில் எத்தனை ஆண்டு தங்கினீர்களென்று கேட்கப்படுவோரும் அதே பதிலைத்தான் சொல்வார்கள்; எண்ணியவர்களைக் கேள் என்பார்கள். குகையிலிருந்து வந்த பிரெஞ்சுக்காரரின் தவறும் இதே பக்கம்தான் சாய்ந்தது. கழிந்த காலம் குறைவாகவே தெரிகிறது.

தஜ்ஜாலின் காலத்தில் ஒரு நாள் ஓராண்டு போல் நீளுமென்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவித்தபோது, ஸஹாபாக்கள் கேட்டது என்ன தெரியுமா? அந்நாளில் ஒரு நாள் தொழுகை போதுமா என்பதே! போதாது, நேரத்தை அளவிட்டுக்கொள்ளுங்கள் என்று பதில் வந்தது. இது முஸ்லிம் ஷரீபில் உள்ள ஹதீது.

இருட்டறையில் அடைபட்டவனுக்கு ஷாபிஈ மத்ஹபின் இமாம்கள் சட்டம் வகுத்திருக்கிறார்கள். அவன் சும்மா இருக்கலாகாது. வழக்கமாக ஓதும் விர்து, தையல் போன்ற கைத்தொழில், பழகிய சேவலின் கூவல் இவற்றைக் கொண்டு வக்தை ஆராய்ந்து தொழ வேண்டும். வக்துக்குப் பின் தொழுதது தெரிய வந்தால் அது களாவாக நிறைவேறும். முன்னதாகத் தொழுதது தெரிய வந்தால் திரும்பத் தொழ வேண்டும். ஆனால் நேரத்தை அறிந்த நம்பிக்கையான ஒருவர் வந்து சொல்லிவிட்டால், சொந்த ஆராய்ச்சிக்கு அங்கே இடமில்லை. அவர் சொல்லை ஏற்க வேண்டும்.

சகோதரர்களே, அந்தச் சொல்லும் மனிதர் யார்? கல்லாவில் அமர்ந்து வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும் நாம்தானே! ஸிஃப்ரின் ஆட்கள் வாய் திறக்காதிருந்தது ஒப்பந்தத்தினால். நம் வாயைக் கட்டியவர் யார்? சிப்பந்தியை இரவு வேலைக்கு எழுப்ப ஆள் அனுப்புகிறோம். ஒரு நிமிடம் தாமதித்தாலும் குரல் கொடுக்கிறோம். லுஹருக்கு எழுப்ப மட்டும், "பாவம், தூங்கட்டும்" என்று இரக்கம் சுரக்கிறது! ஊரிலே அந்தப் பிள்ளைக்குப் பாங்கு இருந்தது, தாயின் அதட்டல் இருந்தது, பள்ளிக்குப் போகும் வழியில் நாலு பேர் இருந்தார்கள். இங்கே கறுப்புத் துணியும் கைப்பேசியும். கைப்பேசியில் நேரம் தெரியாதா என்பீர்கள். தெரியும், அவர் கையில் அன்றும் அது இருந்தது.

அக்கடை முதலாளியிடம் பேசினோம். நல்லவர், ஜக்காத்தில் குறை வைக்காதவர். வெள்ளிக்கிழமை உச்சி நேரத்தில்தான் கூட்டம் அதிகமென்றார். இரவு ஆட்களை இரண்டு அணியாகப் பிரித்து, ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் வியாழன் இரவு ஓய்வு தரலாமே என்றோம். கணக்குப் பார்த்துச் சொல்வதாகச் சொன்னார். மூன்று வெள்ளி கழிந்துவிட்டது. வரும் வெள்ளி, ஜும்ஆவுக்கு ஒரு மணி நேரம் முன்னதாக, நாமே அந்த மாடிப்படி ஏறிக் கதவைத் தட்டுவதாக இருக்கிறோம், இன்ஷா அல்லாஹ்.