அமரப் பலகையும் அறிந்து மறைத்தலும்

அறநெறியை ஆராய்வார் பெரும்பாலும் கொலை, களவு, பொய் முதலிய பெருந்தீமைகளையே எடுத்துக்காட்டாகக் கொண்டு பேசுவர். அவை தீயன என்பதில் எவர்க்கும் ஐயமின்மையின், அவற்றின்கண் ஆராய்தற்கு எஞ்சுவது சிறிதே. ஐயத்திற்கிடமான வினாக்களோ சிறு தொழில்களுள்ளும் எளிய பொருள்களுள்ளும் மறைந்து கிடக்கின்றன. அத்தகைய தொழிலொன்றை ஈண்டு எடுத்துக்கொள்கின்றோம். பழைய அலுமினியப் படகொன்றின் பின்புறத்தே உக்கிப்போன மரப்பலகையை மாற்றுதலே அது. இதில் மெய்ப்பொருள் ஆராய்வார்க்கு என்ன வேலை என்று வினவும் அன்பர்கள் சிறிது பொறுத்தருள்வார்களாக.

வட அமெரிக்காவில் மினசோட்டா, விஸ்கான்சின், மிச்சிகன் முதலிய மாநிலங்களில் ஏரிகள் பல்லாயிரம் உள. அவற்றில் மீன்பிடிப்போர் பலரும் ஏறிச்செல்வது அலுமினியப் படகு. இரண்டாம் உலகப்போர் 1945 இல் முடிவுற்றபோது, விமானங்களுக்காக அலுமினியத் தகட்டை வளைத்துத் தறையும் தொழிலில் தேர்ச்சியடைந்தவர்க்கு வேறு வேலை வேண்டியதாயிற்று. லாங் ஐலண்டில் போர்விமானங்கள் செய்துவந்த கிரம்மன் கம்பெனியார் அலுமினியத் தோணிகள் செய்யத் தொடங்கினர். வேறு பலரும் மோட்டார் பூட்டும் படகுகளை அவ்வுலோகத்தாற் செய்தனர். மரப்படகிற்கு ஆண்டுதோறும் வேண்டப்படும் கீலும் வண்ணமும் இதற்கு வேண்டுவதில்லை. அறுபது ஆண்டு கடந்தும் நீரில் ஓடுவன இன்றும் உள. ஆயினும் இவ்வுலோகப் படகினுள் ஓரிடத்தில் மரம் ஒளிந்திருக்கின்றது.

படகின் முன்புறத்தை அணியம் என்றும் பின்புறத்தை அமரம் என்றும் நம் கடற்கரைப் பரதவர் வழங்குவர். அமரத்தில் படகை அடைத்து நிற்கும் சுவரை ஆங்கிலர் டிரான்சம் என்பர். நாம் அதனை அமரப் பலகை என்போம். மோட்டார் தன் இருப்புப் பிடிகளால் இதனைக் கவ்வியே தொங்குகின்றது. இருபத்தைந்து குதிரைத்திறனுள்ள மோட்டாரின் நிறை ஏறக்குறைய ஐம்பது முதல் எண்பது கிலோ ஆகும். நிறை மட்டுமன்று, மோட்டார் நீரைத் தள்ளுதலால் எழும் விசை முழுவதும் இப்பலகையின் வழியாகவே படகை உந்துகின்றது. மெல்லிய தகடு இதனைத் தாங்கமாட்டாது. ஆகலின், முக்கால் அங்குலக் கனமுள்ள ஒட்டுப்பலகை இரண்டினைச் சேர்த்து ஒன்றரை அங்குலமாக்கி, தகட்டின் உட்புறம் பொருத்தி, மேல்விளிம்பில் அலுமினிய மூடியிட்டுத் தறையாணி அறைந்து மறைத்துவிடுதல் பழைய படகுகளிற் பெருவழக்கு. வெளியே நோக்குவார்க்கு மரம் உண்டென்பதே தோன்றாது.

அம்மரம் உக்குதற்குக் காரணம் யாது? நீரே எனின், அது முழுவதும் பொருந்தாது. சுபீரியர் என்னும் பேரேரியின் அடியில் நூறாண்டுகட்கு முன் மூழ்கிய மரத்தடிகளை அண்மைக்காலத்து எடுத்துப் பார்த்தபோது அவை வைரம் குன்றாதிருந்தன. மரத்தை உக்கச்செய்வது பூஞ்சை. அதற்கு ஈரமும் வேண்டும், காற்றும் வேண்டும், மிதமான வெப்பமும் வேண்டும். மரத்தின் உலர்ந்த எடையில் ஈரம் நூற்றுக்கு 20 பங்கிற்குக் குறைந்து நிற்பின் அது வளர்வதில்லை; 30 பங்கையொட்டி உயரின் செழித்து வளரும். மோட்டாரை நிறுத்தத் துளைத்த ஆணித்துளைகள், நீர்போக்கும் அடித்துளை, மூடியின் இடுக்கு ஆகியவற்றால் நீர் சிறிது சிறிதாக உட்புகுகின்றது. புகுந்த நீர் வெளியேறுதற்கு வழியில்லை. மரத்தைக் காக்கவிட்ட தகடே அதனை ஈரத்தோடு அடைத்துவைக்கும் சிறையுமாகின்றது.

இங்கே தத்துவ நூல் கற்றார் உடனே நினைவுகூர்வது தீசியஸின் கப்பலாகும். ஏதென்சு நகரத்தார் அக்கப்பலை நெடுங்காலம் போற்றிவைத்துப் பழம்பலகை இற்றபோதெல்லாம் புதியது பொருத்திவந்தனர் என்றும், அது முன்னைக் கப்பலேயோ வேறோ என்று அறிஞர் வாதிட்டனர் என்றும் புளூட்டார்க் எழுதினார். கழித்த பழம்பலகைகளை ஒருவன் திரட்டி மற்றொரு கப்பல் கட்டின் எது உண்மைக் கப்பல் என்று 1655 இல் தாமஸ் ஹாப்ஸ் மேலும் ஒரு முடிச்சுப் போட்டார். நம் படகில் இவ்வாராய்ச்சி நெடிது செல்லாது. ஐக்கிய நாடுகளில் 1972 நவம்பர் முதலாகச் செய்யப்படும் படகுகட்கு எழுத்தும் இலக்கமுமாகப் பன்னிரண்டு கொண்ட அடையாளக்குறி உண்டு. அது பொறிக்கப்படுவது அமரத்தின் புறத்தே, வலப்பக்கத்தில். இன்ன படகு இதுவேயென்று சான்று பகரும் குறி, பின்னே உள்ள மரம் முழுதும் மாறியும் தான் மாறாது நிற்கின்றது! இந்நகைச்சுவையை நுகர்ந்து அப்பாற் செல்வோம். படகு ஒன்றோ இரண்டோ என்பதனால் எவரும் நீரில் வீழப்போவதில்லை.

வீழ்தற்கு ஏதுவாகிய வினா பிறிதொன்று. ஒருவனிடம் இத்தகைய படகு இருக்கின்றதெனக் கொள்வோம். மோட்டாரின் அடிப்பகுதியைக் கையாற்பற்றி மேலும் கீழும் அசைக்கும்போது அமரம் வளைந்து கொடுப்பதை அவன் காண்கின்றான். சுத்தியலாற் தட்டினால் திண்ணென்ற ஓசையின்றி மந்தமான ஓசை எழுகின்றது. இவன் படகை விற்க எண்ணித் தகட்டிற்குப் புதுவண்ணம் பூசி வெளியே வைக்கின்றான். வாங்க வருபவன் மரத்தைப்பற்றி ஒன்றும் வினவவில்லை. இவனும் ஒன்றும் கூறவில்லை. இவன் பொய் சொன்னானா?

இவ்வினா மிகப் பழைமையுடையது. உரோமைப் பேரறிஞராகிய சிசரோ கி.மு. 44 இல் கடமைகளைப்பற்றி எழுதிய நூலின் மூன்றாம் பகுதியில், குற்றமுள்ள வீட்டை விற்பவனை எடுத்துக்காட்டி, பாபிலோனிய டயோஜினிஸும் அவர் மாணவர் ஆண்டிபேட்டரும் மாறுபட்டதைக் கூறுகின்றார். சட்டம் கேட்பதைச் சொன்னாற் போதும், சொல்லாமை வேறு மறைத்தல் வேறு என்பது ஆசிரியர் கொள்கை. மக்கள் ஒருவர்க்கொருவர் கட்டுப்பட்டவராகலின் வாங்குவான் அறியவேண்டுவது அனைத்தையும் அறிவித்தல் வேண்டும் என்பது மாணவர் கொள்கை. சிசரோ மாணவர் பக்கமே சாய்கின்றார்.

டயோஜினிஸ் கூற்றை எளிதிற் தள்ளிவிடுதல் நேர்மையாகாது. விற்பவன் தானறிந்த யாவற்றையும் கூறுதல் வேண்டுமெனின், அடுத்த ஊரில் இதனினும் மலிவாகப் படகு கிடைக்கும் என்பதனையும் கூறவேண்டுமன்றோ? அங்ஙனமாயின் வாணிகமே இல்லையாகும். 1817 இல் ஐக்கிய நாட்டு உயர்பெரு நீதிமன்றம் ஒரு புகையிலை வழக்கில், போர் முடிந்த செய்தியை முன்னரே அறிந்த ஒருவன் அதனைக் கூறாது வாங்கியமை பற்றி, அவன் கூறக் கடமைப்பட்டவனல்லன் என்றே கருதிற்று. ஆயின் அச்செய்தியை அறியும் வழி இருவர்க்கும் ஒப்ப எட்டுவது என்பதனையும் நீதிபதி மார்ஷல் சுட்டிக்காட்டினார். நம் வழக்கின் ஆணிவேர் இதுவே. சந்தை நிலை பொருளுக்குப் புறத்தே உள்ளது. உக்கல் பொருளுக்கு அகத்தே உள்ளது. அடுத்த ஊர் விலையை வாங்குபவன் தானே சென்று அறியலாம். அமரப் பலகையின் நிலையையோ, மூடியின் தறையாணியைக் கழற்றியோ சிறு துளையிட்டு வரும் மரத்தூள் வெண்மையாயுளதோ கருத்து ஈரமாயுளதோ என்று நோக்கியோதான் உறுதியாக அறியலாகும். பிறனுடைய படகில் துளையிட யார்க்கு உரிமை உண்டு? அறியும் வழியைத் தன் உரிமையில் வைத்துக்கொண்டிருப்பவன், 'அவன் அறிந்துகொள்ளட்டும்' என்று கூறுதல் பூட்டிய கதவின் முன் ஒருவனை நிறுத்தி, 'உள்ளே போ' என்பது போலாம்.

அற்றேல், விற்பவன் மூடியைத் திறந்து பார்த்ததில்லை. ஆதலின் அவனும் அறியான். அறியாதவன் எதனை மறைத்தான் என்பாரும் உளர். இவ்வாதமே யான் மிகவும் அஞ்சுவது; ஏனெனில் நம்மில் நல்லவர் எனப்படுவார் பலரும் தங்குமிடம் இது. அறியாமை இருவகைத்து. அறிவு வந்தெய்தாமையால் நிற்பது ஒன்று. வரும் அறிவை வாயிலில் தடுத்தலால் நிற்பது மற்றொன்று. அமரம் வளைந்ததைக் கண்டவன், மூடியைத் திறந்தால் செலவு நேரும் என்று கருதித் திறவாதொழிகின்றான். எங்கே பார்க்கலாகாது என்பதனைத் தேர்ந்து விலக்குவதற்கு, அங்கே யாது உளது என்பது ஒருவாறு தெரிந்திருத்தல் வேண்டும். ஆகவே அவனது 'அறியேன்' என்னும் சொல் அறிவின் மேல் நின்று எழுந்ததே. வண்ணம் பூசிய கை அதற்குச் சான்று.

இங்ஙனமாயின் ஒவ்வொருவனும் தன் உடைமை அனைத்தையும் பிரித்து நோக்கிய பின்னரே விற்கவேண்டும் போலும் என மறுப்பின், அற்றன்று. அறிகுறி தோன்றாதவிடத்துக் கடமை தோன்றாது. அமரம் திண்ணென்று நிற்க, ஓசை தெளிவாக எழ, உள்ளே ஓர் மூலையில் உக்கல் தொடங்கியிருந்தால் அது விற்பவன் குற்றமாகாது. தோன்றிய குறியைத் தொடர்ந்து செல்லும் அளவே கேட்கப்படுகின்றது. அதனையும் மறுத்தால் வரும் கேடு சிறிதன்று. ஏரி நடுவே விசை கூட்டும் வேளையில் பலகை பிளப்பின் மோட்டார் நீரில் வீழும்; தகடு கிழியின் அமரத்தின் வழியே நீர் உட்புகும். படகிலிருப்போர் வாங்கினவன் மட்டுமல்லர். அவன் மக்களும் இருப்பர்.

இனிப் பலகையை மாற்றுபவன்பாற் செல்வோம். மோட்டாரைக் கழற்றி, தறையாணிகளைத் துளைத்தெடுத்து, மூடியையும் மூலைத் துண்டுகளையும் நீக்கினால், பழம்பலகை சில படகுகளில் கைப்பிடி கைப்பிடியாக உதிர்ந்து வரும். எஞ்சிய வடிவை அட்டையில் வரைந்துகொண்டு, நீருக்குக் கரையாப் பசையால் ஒட்டிய கடற்பயன் ஒட்டுப்பலகையை அவ்வடிவில் அறுத்து, இரண்டினை எபாக்ஸி என்னும் பிசினால் ஒன்றாக்கி, புறமெங்கும் அப்பிசினையே மும்முறை பூசுதல் வேண்டும். விளிம்புகள் நீரை மிகுதியும் உறிஞ்சுவனவாதலின் அங்கே மேலும் கவனம் வேண்டும். துளைகளைப் பொறுத்தவரை நல்ல தொழிலாளர் செய்வது வியக்கத்தக்கது. வேண்டிய அளவினும் பெரிதாகத் துளைத்து, பிசினால் நிரப்பி, அது இறுகிய பின் அதன் நடுவே மீண்டும் துளைப்பர். ஆணி மரத்தைத் தீண்டுவதேயில்லை. இதனைச் செய்யினும் செய்யாவிடினும் மூடியிட்ட பின்னர்ப் படகு ஒரே தோற்றமாகவே இருக்கும்; பத்தாண்டு வரை ஒரே வகையாக ஓடவுங்கூடும்.

இவ்விடத்தில் நல்லெண்ணமே போதும் என்பார் கொள்கையைச் சோதிக்கவல்ல ஒரு செய்தி உண்டு. ஒருவன் மறுபடியும் உக்கலாகாது என்னும் நன்னோக்கத்தோடு, வீடு கட்டுவோர் வாங்கும் மருந்தேற்றிய பலகையை வாங்கிப் பொருத்துகின்றான். அம்மருந்து பெரும்பாலும் செம்புச் சேர்க்கை; 2003 ஆம் ஆண்டின் இறுதியோடு ஐக்கிய நாடுகளில் வீட்டு வேலைகளுக்கு ஆர்சனிக் கலந்த பழைய மருந்து விலக்கப்பட்டபின், வந்தவற்றுள் செம்பு முன்னினும் மிகுந்தது. ஈரத்தில் செம்பு அலுமினியத்தை அரிக்கும். மரம் நிற்கும், மரத்தைத் தாங்கிய தகடு ஊசித்துளைகளாய்ப் போகும். மாற்றக்கூடியதைக் காக்கப்போய் மாற்றலாகாததை அழித்தானாயிற்று. இவன் தீயவன் அல்லன். ஆயினும் பலகை விற்கும் கடையில் ஒரு வினாக் கேட்டிருப்பின் அறிந்திருக்கக்கூடும். நன்னோக்கம் உடையவன் கேட்கும் வினாக்கள் அந்நோக்கத்தின் உறுப்புக்களே என்று கருதுகின்றேன். அவை இல்லாதவிடத்து அந்நோக்கம் தன்னைத்தானே மெச்சிக்கொள்வதாய் முடிகின்றது. இக்கூற்று கடுமையானதென்பார் உளராயின் அவரோடு வாதிடேன். யானும் இத்தகைய வினாக்களைக் கேளாது விட்டவனே.

எஞ்சியது ஒன்று. செவ்வனே மாற்றிய ஒருவன் பின்னர்ப் படகை விற்கின்றான். 'அமரப் பலகை உக்கியிருந்தது. இன்ன ஆண்டில், இன்ன மரத்தால் மாற்றினேன்' என்று தானே கூறுகின்றான். கேட்டவன், 'உக்கின படகா?' என்று முகஞ்சுளித்து விலையைக் குறைக்கின்றான். அல்லது அடுத்த தெருவில் வண்ணம் பூசி வாய்மூடி நிற்பவனிடம் முழுவிலை கொடுத்து வாங்கிச் செல்கின்றான். அறம் விற்பவனுக்கே உரியதென்று நூலார் பெரும்பாலும் பேசிவிட்டனர். உண்மை கூறினவனைத் தண்டித்து ஊமையாயிருந்தவனுக்குப் பரிசளிக்கும் வாங்குபவனைப்பற்றி டயோஜினிஸும் ஆண்டிபேட்டரும் வாதிட்டதாக யான் கண்டதில்லை. ஆயினும் அடுத்த முறை அவ்வுண்மையாளன் வாய்திறக்கத் தயங்குவானாயின், அத்தயக்கத்தில் இவனுக்கும் பங்குண்டு. பழைய அலுமினியப் படகொன்றை வாங்கச் செல்வார், பலகை மாற்றியதுண்டோ என்று தாமே முதற்கண் வினவட்டும். 'உண்டு' என்னும் விடை வரின், எம்மரம், துளைகளுக்கு யாது செய்தாய் என்று கேட்டு, விடை நேராயின் விலையைக் குறையாது கொடுக்கட்டும். 'தெரியாது' என்னும் விடை வரின், மோட்டாரைப் பற்றி ஒருமுறை அசைத்துப் பார்க்கட்டும்.