ஊற்றிய தண்ணீருக்கு வந்த மான்

கலிபோர்னியாவில் கோடையில் மழை கிடையாது. குளிர்காலத்தில் பெய்ததை வைத்துத்தான் மிச்ச மாதங்களை ஓட்ட வேண்டும். 2012 முதல் 2016 வரை அந்தக் குளிர்கால மழையும் பொய்த்தது. 2015 ஏப்ரல் 1 அன்று ஆளுநர் ஜெர்ரி பிரவுன் சியரா நெவாடா மலையில், பனி மூடிக் கிடக்க வேண்டிய இடத்தில் வெறும் புல்மேல் நின்றபடி, நகரங்கள் தண்ணீர்ச் செலவை 25 விழுக்காடு குறைத்தாக வேண்டும் என்று உத்தரவிட்டார். மாநிலம் முழுமைக்குமான கட்டாய உத்தரவு அதுவே முதல் தடவை. வீட்டுத் தோட்டம் வைத்திருந்தவர்களுக்கு அது பாதித் தொல்லைதான். மீதி நான்கு காலில் வந்தது. குன்றுகளில் புல் காய்ந்து புதர்கள் துளிர்ப்பதை நிறுத்திவிட்டால், வால் கறுத்த அந்த ஊர் மான்கள் கீழே இறங்கி ரோஜா, அவரை, தக்காளி என்று மேயத் தொடங்கிவிடும். வறட்சிக்கு ஒரு வைத்தியம், மானுக்கு இன்னொரு வைத்தியம் என்று தனித்தனியாகத் தேடுவதுதான் வழக்கம். இரண்டும் ஒரே நோய் என்பது என் எண்ணம். அப்படிப் பார்த்தால், பஞ்ச காலத்தில் ஒருவர் எவ்வளவு பச்சையைத் தனதென்று வைத்துக்கொள்ளலாம் என்ற கேள்விக்கும் ஓரளவு விடை கிடைக்கிறது.

வறண்ட மண்ணில் நிற்கும் செடிக்கு ஓர் இலை போனால் அதை மீண்டும் விட நெடுநாள் பிடிக்கும். ஆகவே இருக்கிற இலையைக் காப்பதில்தான் அது தன் சத்தைச் செலவிடும். நீரும் உரமும் தாராளமாகக் கிடைக்கும் செடிக்கு அந்தக் கவலை இல்லை. போனால் போகட்டும், இன்னொன்று விட்டுக்கொள்ளலாம். கோலி, பிரயன்ட், சாப்பின் ஆகிய மூன்று ஆய்வாளர்கள் 1985இல் விரித்துச் சொன்ன கருத்தின் சாரம் இதுதான். கலிபோர்னியக் குன்றுகளில் வளரும் மன்சனீட்டா புதரைப் பார்த்தால் விளங்கிவிடும். இலை தோல்போல விறைப்பாக, உச்சி வெயிலுக்கு விளிம்பைக் காட்டிக்கொண்டு செங்குத்தாக நிற்கும். கசக்க முயன்றால் ஒடியும். சேஜ் செடியின் இலையைத் தொட்டாலே கைவிட்டுப் போகாத நெடி. தண்ணீரைச் சேமிக்கும் தடித்த இலை மானின் வாய்க்கும் உவப்பில்லை. அதன் மூக்கை விரட்டும் எண்ணெயும் இந்த வறண்ட நிலத்துச் செடிகளில்தான் மிகுதி. நம் ஊர் வேலியோரத்தில் ஆடாதோடையும் நொச்சியும் எருக்கும் தண்ணீர் காணாமல் ஆட்டுக்கும் தப்பி நிற்பதும் இதே காரணத்தால்தான். மறுபக்கம், நாம் நாள்தோறும் நீர் விட்டு உரமிட்டு வளர்க்கும் கொழுந்து நீரும் புரதமும் நிறைந்து, கடிக்க மெத்தென்று இருக்கிறது. சுற்றிலும் காய்ந்த நிலத்தில் அது மட்டும் பச்சை. மான் வழிதவறி வந்துவிடவில்லை. நாம் திறந்த குழாய்தான் அதை அழைத்தது.

இதற்கு அனுபவசாலிகள் உடனே ஒரு மறுப்புச் சொல்வார்கள்: மான் தொடாது என்று பட்டியலில் போட்ட செடியையே வாங்கி நட்டோம், ஒரே இரவில் மொட்டையாகிவிட்டதே. உண்மைதான். ஆனால் மொட்டையானது எது என்று பார்க்க வேண்டும். பெரும்பாலும் அது நர்சரியிலிருந்து அப்போதுதான் வந்த கன்று. தொட்டியில் நீரும் உரமும் ஊட்டி அவசரமாக வளர்க்கப்பட்டது. பட்டியலில் உள்ள இனம்தான், ஆனால் பட்டியல் சொல்லும் முறுக்கு இன்னும் ஏறவில்லை. வேர் ஊன்றும்வரை ஓரிரண்டு கோடைக்கு அதற்குத் தண்ணீரும் வேண்டும், சுற்றிக் கம்பி வலையும் வேண்டும். கடித்தது மான்தானா என்பதையும் தண்டின் நுனி காட்டிவிடும். மானுக்கு முன்பக்கத்து மேல்பற்கள் இல்லை. ஆகவே அது கடித்து இழுத்துக் கிழிக்கிறது, நுனி நார்நாராகத் தொங்கும். முயல் கடித்திருந்தால் கத்தியால் சாய்த்து வெட்டியதுபோல இருக்கும். பசி முற்றினால் மான் எதையும் தின்னும் என்பதையும் மறுக்கவில்லை. ஆனால் முற்றிய சேஜில் ஒரு வாய் கடித்து விட்டுப்போவதும், அவரைப் பந்தலை அடியோடு காலிசெய்வதும் ஒரே இழப்பு அல்ல.

அப்படியானால் நாலு சேஜும் ஓர் அரளியும் வைத்துக்கொண்டு எதைச் சாப்பிடுவது என்பது இன்னும் வலுவான கேள்வி. (அரளி தண்ணீர் கேட்காது, நஞ்சென்பதால் மானும் அண்டாது, கலிபோர்னிய நெடுஞ்சாலைகளின் நடுவிலும் நம் நான்குவழிச் சாலைகளின் நடுவிலும் அதையே நட்டிருக்கிறார்கள்.) காய்கறி மென்மையாகத்தான் இருக்க வேண்டும், அதற்குத் தண்ணீரும் வேண்டும். ஆகவே இருக்கிற கொஞ்ச நீரை ஒரே ஒரு பாத்திக்குச் சொட்டுநீர்க் குழாயில் விட்டு, அந்தப் பாத்தியைச் சுற்றி மட்டும் எட்டடி வேலி போடலாம். அதைவிடக் குள்ளமான வேலியை மான் தாண்டிவிடும். ஊற்றவும் காவல் காக்கவும் முடிகிற அளவுதான் பாத்தியின் அளவு. இரண்டில் ஒன்றுக்கு வக்கில்லாத இடத்தில் பச்சையை வளர்ப்பது மானைக் கூப்பிட்டுவிட்டு வைவதற்குச் சமம்.

பசித்த உயிரை விரட்டுவதா, ஒரு கை தானியமாவது போடக்கூடாதா என்று கேட்கும் மனத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அந்தக் கருணை மானைக் கொல்லக்கூடும். அதன் இரைப்பையில் உள்ள நுண்ணுயிர்கள் இலைதழைக்குப் பழகியவை; திடீரென்று தானியம் நிறைய இறங்கினால் அமிலம் கூடி மான் சாகலாம். தப்பினாலும், வீட்டருகே தங்கிப்போன மானைத் தேடி மலைச்சிங்கம் வரும், நடுவில் சாலையும் இருக்கிறது. மானுக்குத் தீனி போடுவதை அம்மாநில விதிகள் தடைசெய்வது இரக்கமின்மையால் அல்ல.

மனையை முழுக்க வேலியடைத்துக்கொண்டால் மான் பக்கத்து வீட்டுக்குப் போகும். தெரு முழுக்க அடைத்தால் அதன் வழித்தடமே அறும். வேலி பாத்தியோடு நிற்க வேண்டும் என்பதற்கு இதுவும் ஒரு காரணம். வெளியே தாத்தா காலத்து ரோஜா ஒன்று நின்றால் பாத்திக்குள் பெயர்த்து நடலாம், அல்லது மானுக்கே விட்டுவிடலாம். இரண்டும் முடியாது, அது வாசலிலேயே பூக்க வேண்டும் என்பவரிடம் சொல்வதற்கு என்னிடம் ஒன்றுமில்லை. மழை நன்றாகப் பெய்த ஆண்டிலும் மான் ரோஜாவை விடுவதில்லை.