தாமதமாக வரும் முகம்

வீடியோ அழைப்பில் தெரிபவர் உண்மையிலேயே உடன் இருக்கிறாரா? மதங்கள் இந்தக் கேள்வியைத் தள்ளிவிடவில்லை. யூதர்களின் கூட்டு வழிபாட்டுக்குப் பத்துப் பேர் வேண்டும். இணையத்தில் இணைந்தவர்களைக் கொண்டு அந்தப் பத்தை நிரப்ப முடியாது என்று அமெரிக்காவின் கன்சர்வேட்டிவ் யூதப் பிரிவு 2001-இல் தீர்ப்பளித்தது. பத்துப் பேர் ஓரிடத்தில் கூடிவிட்டால், தொலைவில் இருப்பவரும் நேரலையில் கலந்துகொள்ளலாம் என்று அதிலேயே ஒரு வாசலும் திறந்தது. ஞானஸ்நானம், நற்கருணை போன்ற திருவருட்சாதனங்கள் இணையத்தில் இல்லை என்றது 2002-இல் வந்த வத்திக்கான் ஆவணம். இஸ்லாமியத் திருமணமான நிக்காஹ்வில் முன்மொழிவும் ஏற்பும் ஒரே மஜ்லிஸில், அதாவது ஒரே அமர்வில், நடக்க வேண்டும் என்பதால், ஹனஃபி சட்டப் பள்ளி அறிஞர்கள் பலர் தொலைபேசித் திருமணத்தை ஏற்பதில்லை.

இவற்றில் முதலில் எழுவது இடம் பற்றிய கேள்வி. ஆனால் உடனிருப்பு இடத்தைவிடக் காலத்தில்தான் முதலில் உடைகிறது. நம் இணையப் போக்குவரத்தை வேறொரு சர்வர் வழியே சுற்றி அனுப்பும் விபிஎன் அதை அன்றாடம் காட்டுகிறது.

சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மகன் சென்னையில் இருக்கும் அம்மாவை அழைக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். இரு நகரங்களையும் நேரடியாக இணைக்கும் கடலடிக் கேபிள் சுமார் 3,200 கிலோமீட்டர். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் போகும் என்பதால், 16 மில்லி நொடியில் குரல் வந்து சேரலாம். அவனுடைய மடிக்கணினியில் அலுவலக விபிஎன் இயங்கி, அதன் சர்வர் ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட்டில் இருந்தால், அதே குரல் ஐரோப்பா போய்த் திரும்ப வேண்டும். நேர்கோட்டில் அளந்தாலே சுமார் 18,000 கிலோமீட்டர்; பயணத்துக்கு மட்டும் 90 மில்லி நொடி. கேமரா, படச் சுருக்கம், சர்வர் நெரிசல் எல்லாம் அதற்கு மேல். நல்ல உரையாடலுக்கு ஒருவழித் தாமதம் 150 மில்லி நொடியைத் தாண்டக் கூடாது என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை.

வழி நீளுவதோடு தொல்லை முடிவதில்லை. நேரலைக் குரலை யூடிபி முறையில் அனுப்பும்போது, தொலைந்த தரவுத் துணுக்குக்காக யாரும் காத்திருப்பதில்லை. பிந்தி வரும் சொல்லால் பயனில்லை என்பதே அந்த ஏற்பாட்டின் அடிப்படை. சில விபிஎன்கள் அந்தக் குரலையும், தொலைந்ததை மீண்டும் அனுப்பச் செய்து வரிசை தவறாமல் தரும் டிசிபி குழாய்க்குள் திணிக்கின்றன. அங்கே ஒரு துணுக்கு தொலைந்தால் பின்னால் வருபவை அத்தனையும் நிற்கும். முகம் உறைந்து, பிறகு சொற்கள் மொத்தமாகக் கொட்டுவது இதனாலும் இருக்கலாம். (இணைய நிறுவனத்தின் சொந்த வழியே மோசமாக இருந்தால், விபிஎன் அழைப்பைச் சீராக்குவதும் உண்டு.)

நிகழ்காலத்துக்கு நீளமே கிடையாது என்று வாதிட்டார் கிறிஸ்தவச் சிந்தனையாளர் அகஸ்டின். உரையாடலின் நிகழ்காலத்துக்கோ நீளம் உண்டு, அதுவும் மிகக் குறுகியது. பத்து மொழிகளை ஒப்பிட்டு 2009-இல் வெளியான ஆய்வில், கேள்விக்கும் பதிலுக்கும் நடுவிலான இடைவெளி சராசரியாக 200 மில்லி நொடிதான். அந்த இடைவெளி நீண்டால் மனம் அதற்குப் பொருள் தேடுகிறது: தயக்கமா, கோபமா, விருப்பமின்மையா?

2014-இல் வெளியான ஜெர்மன் ஆய்வு ஒன்று இதைச் சோதித்தது. ஒரு நொடியைச் சற்றே தாண்டிய தாமதம் போதும். மறுமுனையில் இருப்பவர் கவனமில்லாதவர், நட்பு குறைந்தவர் என்று தோன்றத் தொடங்கியது. பழுது கம்பியில், பழி மனிதர்மேல். அழைப்பின் தரம் அறம் சார்ந்த விஷயமாவது இங்கேதான். மகன் பதில் சொல்லத் தயங்கினான் என்று அம்மா வருந்தும்போது, அவன் தயங்கவே இல்லை.

அலுவலகத் தரவைக் காக்க விபிஎன் வேண்டும்தான். வீட்டுப் பேச்சுக்கு அதை நிறுத்தலாம், அல்லது கைப்பேசியிலிருந்து அழைக்கலாம். அதுவும் முடியாதபோது, குரல் சுற்றி வருகிறது என்பதை அம்மாவிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.