முகநோவும் உறக்கமும்

சாரற்காலத்தில் தென்காசியினின்றும் திருக்குற்றாலஞ் செல்வார் அருவி நீரையும் மென்காற்றையும் விரும்பியே செல்கின்றனர். ஆயின் முகத்து முக்கிளை நரம்பில் நோயுற்றான் ஒருவனுக்கு அச்சாரற்காற்றே பகையாம். காற்றுப் படுதல், முகங்கழுவுதல், உணவு மெல்லுதல் என்னும் இவற்றானே மின்னல் பாய்ந்தாற்போன்ற நோவு கன்னத்தும் தாடையினும் எழும். புறத்தே புண்ணின்மையின் கண்டோர் அதனை நம்புதலும் அரிது.

3 திங்களின் மேற்பட்டு நிலைத்த நோவை நெடுநோவென்பர் இக்கால மருத்துவ நூலார். அஃது உறக்கத்தைக் கெடுக்கும். உறக்கங்கெட்டவழி நோவு பொறுக்கும் ஆற்றல் குறையும். மீண்டும் எப்பொழுது வருமோ என்னும் அச்சமும் மனச்சோர்வும் மிகும். அவை மறித்தும் உறக்கத்தைக் கெடுக்கும். இங்ஙனம் மூன்றும் ஒன்றற்கொன்று காரணமாய்ச் சுழலும்.

இதனை நம் நூனெறி பற்றி நோக்குவாம். சிவஞானபோத நான்காஞ் சூத்திரம் உயிர் ஐந்தவத்தைப்படுதலைக் கூறும். நனவிற் புருவநடுவில் நிற்கும் உயிர் கனவிற் கண்டத்தும், உறக்கத்தில் இதயத்தும் ஒடுங்கும் என்ப. முகநோவு அவ்வுயிரை நனவிடத்தே பிணித்து, ஒடுங்கவொட்டாது தடுப்பது போலும். இஃது உவமை மாத்திரையே. ஆயினும், கருவிகள் ஓய்வின்றி உழல்வானொருவன் மனஞ் சோர்தல் பத்திக் குறைவன்று என்பது இதனாற் புலனாம்.

அற்றேல், நோயெல்லாம் பிராரத்தமன்றோ. நுகர்ந்தே கழிதற்பாலதனைப் பொறுத்திரு என்றல் குற்றமாமோ எனின், கூறுதும். வினைக்கொள்கை ஒருவன் தன் துன்பத்தைத் தான் தாங்குதற்கு ஊன்றுகோலாமேயன்றிப் பிறன் துன்பத்தை அளக்குங் கோலாகாது. நோய் வினைவழி வருமாயின், மருந்தும் அதனை அளிக்குங் கையும் அவ்வழியே கூட்டப்பெறுவன. சூலையால் வருந்தித் தம்மிடம் வந்து வீழ்ந்த தம்பியாரைத் திலகவதியார் புறச்சமயம் புக்கமை பற்றித் தள்ளிற்றிலர். திருநீறளித்துத் திருவதிகைத் திருக்கோயிலுக்கு உடனழைத்துச் சென்றார்.

திருக்குற்றாலத்தும் ஒரு வழக்குண்டு. திருமாலுருவைச் சிவலிங்கத் திருமேனியாகக் குறுமுனிவர் கைவைத்துக் குறுக்கியபொழுது இறைவன் திருமுடி நோவுற்றதென்றும், அது தீரவே மூலிகைத் தைலஞ் சாத்தப்படுகின்றதென்றும் தலவரலாறு கூறும். விகாரமில்லாத முதல்வன் நோவுடையான்போல் நின்று எண்ணெய் ஏற்றல், தலைநோவுற்றாரை இகழற்க என்று நமக்கு உணர்த்துதற்கன்றோ?

ஆதலின் நம் மடங்களை நாடிவரும் அத்தகையாரை ஐயுறாது, அவர் சொல்வதைக் கேட்டு, நரம்பு மருத்துவரிடத்தும் மனநல மருத்துவரிடத்தும் சேர்ப்பித்து, நெடிய இரவில் உடனிருத்தல் சிவத்தொண்டேயாம். அவர் ஒரு யாமம் உறங்குவாராயின் அதுவும் திருவருளே.