'அல் வசத்' இல்லாத தேர்தல்கள்

1975-இல் கலைக்கப்பட்ட பஹ்ரைன் நாடாளுமன்றத்துக்கு 2002-இல்தான் மறுபடியும் தேர்தல் வந்தது. அதே ஆண்டு 'அல் வசத்' நாளிதழும் பிறந்தது. ஆசிரியர் மன்சூர் அல் ஜம்ரி. எதிர்க்கட்சியின் குரலுக்கும் இடம் தந்த அபூர்வமான பத்திரிகை அது.

2011-இல் பஹ்ரைனில் அரசுக்கு எதிராக நடந்த போராட்டத்தின்போது, இதழைத் தொடங்கியவர்களில் ஒருவரான கரீம் ஃபக்ராவி காவலில் இறந்தார். அப்போதும் இதழ் நிரந்தரமாக நிற்கவில்லை.

2017 ஜூனில் நின்றது. மொராக்கோவில், பறிமுதலான மீனை மீட்கப் போன வியாபாரி குப்பை லாரியில் நசுங்கி இறந்தார். அதிலிருந்து மூண்ட போராட்டங்களைப் பற்றிய ஒரு கட்டுரையைக் காரணம் காட்டி அரசு தடை விதித்தது. வேறொரு நாட்டுச் செய்திக்காக! அந்த மாதமே ஊழியர்கள் வேலை இழந்தார்கள்.

2018-இலும் 2022-இலும் பஹ்ரைனில் தேர்தல் நடந்தது. வேட்பாளர்களைக் கேள்வி கேட்க 'அல் வசத்' இல்லாதது வாக்காளர்களுக்குப் பெரும் நஷ்டம்.