விளக்கு இருக்கிறது, ஆடு எங்கே?

பௌர்ணமிக்கு மறுநாள் விடியற்காலை. திருவண்ணாமலை கிரிவலப் பாதையில் ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பதினாலு கிலோமீட்டர் நடந்த கால்கள், இனி ஒரு அடிகூட எடுத்து வைக்க மாட்டோம் என்று சத்தியாக்கிரகம் செய்துகொண்டிருந்தன. எதிரே துப்புரவுப் பெண்கள் முந்தின ராத்திரியின் காகிதத் தட்டு, டம்ளர், தண்ணீர் பாட்டில் எல்லாவற்றையும் கூட்டித் தள்ளிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு ஊடே நாலைந்து பையன்கள் வெறுங்காலோடு ஓடிக்கொண்டிருந்தார்கள். போலீஸ் செலக்‌ஷனுக்குத் தயாராகிறார்களாம். பக்கத்தில் கழுத்தில் விசில், கையில் ஸ்டாப் வாட்ச் சகிதம் ஒரு பெரியவர். ரிட்டயர்டு பி.டி. மாஸ்டர்.

"ரோட்டுலயா ஓட விடறீங்க? பெரிசா ஒரு ஸ்டேடியம் கட்டிக் கொடுத்தா என்ன மாஸ்டர்?" என்றேன்.

"கட்டுவாங்க தம்பி. கட்டறது பெரிய விஷயமில்ல. மறுநாள் காலையில அஞ்சு மணிக்கு வந்து கேட்டைத் திறந்துவிடறது யாரு?"

டீ ஆறிப்போகிற அளவுக்கு யோசிக்க வைத்துவிட்டார் மனிதர்.

தொகுதிக்கு ஒரு மினி ஸ்டேடியம், ஒன்றுக்குச் சுமார் 3 கோடி ரூபாய் என்று தமிழக அரசு 2023ல் அறிவித்தது. செங்கம் தொடங்கி வந்தவாசி வரை இந்த மாவட்டத்தில் 8 தொகுதிகள். ஆக 24 கோடி. மாநிலத்தின் 234 தொகுதிகளுக்கும் பெருக்கினால் 702 கோடி. கணக்கு இதோடு முடிந்தது என்று நான் சொன்னால், எனக்கு பி.காம். பாடம் நடத்திய வாத்தியார் எழுந்து வந்து காதைத் திருகுவார். மூலதனச் செலவு ஒரு நாள் செலவு. வாட்ச்மேன், கரண்ட் பில், தண்ணீர், புல்வெட்டு, கோச் சம்பளம் இதெல்லாம் மாசா மாசம் வருகிற செலவு. அதற்குமேல் தேய்மானம் என்று ஒன்று இருக்கிறது. சிந்தெடிக் ஓடுபாதை என்பது எட்டு பத்து வருஷத்தில் புதுசு கேட்கிற சமாசாரம். திறப்பு விழா மேடையில் இந்த வரிகளை யாரும் வாசிப்பதில்லை.

டெல்லியைப் பாருங்கள். 1982 ஏஷியாட் போட்டிக்காகக் கட்டிய நேரு ஸ்டேடியத்தை, 2010 காமன்வெல்த் போட்டிக்காகச் சுமார் 960 கோடி செலவழித்துப் புதுப்பித்தார்கள். 2025ல், அதை இடித்துவிட்டு அங்கே 'ஸ்போர்ட்ஸ் சிட்டி' கொண்டுவரத் திட்டம் என்று செய்தி. பதினைந்து வருஷம்! நம் வீட்டு பீரோகூட அதைவிட அதிக நாள் உழைக்கும்.

கனடாவின் மான்ட்ரியல் நகரக் கதை இன்னும் விசேஷம். 1976 ஒலிம்பிக்கை நடத்திய மேயர், ஆண் பிள்ளை பெற்றாலும் பெறலாமே தவிர ஒலிம்பிக்கில் நஷ்டம் வராது என்கிற ரீதியில் சவால் விட்டார். ஸ்டேடியக் கடனை அடைக்க சிகரெட் மேல் வரி போட்டார்கள். கடைசித் தவணை கட்டி முடித்தது 2006ல். போட்டி நடந்த வருஷம் தொட்டிலில் கிடந்த குழந்தை, முப்பது வயசு ஆளாகி, தான் பார்க்காத ஓட்டப்பந்தயத்துக்குப் பெட்டிக்கடையில் பணம் கட்டியிருக்கிறது. அதை யாராவது கேட்டார்களா?

எனக்கு உறுத்துவது இங்கேதான். ரிப்பன் வெட்டுகிறவர் ஒருத்தர், பில் கட்டுகிறவர் இன்னொருத்தர். நடுவில் கல்வெட்டில் பேர் மட்டும் முதலாமவருடையது. அடுத்தவன் பையிலிருந்து எடுத்து, அதுவும் இன்னும் பிறக்காதவன் பையிலிருந்து எடுத்துக் கொடுப்பதற்குப் பேர் கொடையா?

கல்வெட்டு என்றதும் பழைய கல்வெட்டு ஒன்று ஞாபகம் வருகிறது. சோழர் காலத்தில் கோயிலுக்கு நந்தா விளக்கு வைக்கிறவர் விளக்கை மட்டும் கொடுத்துவிட்டுப் போக முடியாது. கூடவே 90 அல்லது 96 ஆடுகள் கொடுக்க வேண்டும். இடையர்கள் அவற்றை ஏற்றுக்கொண்டு, விளக்கெரிக்க தினம் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். கிழடு செத்தால் குட்டி அந்த இடத்துக்கு வரும், எண்ணிக்கை குறையாது. அதனால் அதற்கு 'சாவா மூவாப் பேராடு' என்று பேர். சாகவும் சாகாது, மூப்பும் அடையாது. பராமரிப்பு நிதி என்பதை இதைவிட அழகாக எந்த காமர்ஸ் புத்தகமும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

நம் ஆட்கள் இப்போது விளக்கை மட்டும் கொடுக்கிறார்கள். நிருபர் வேலையாகப் போன ஓர் ஊரில் (பேர் வேண்டாம்) மைதானத்தின் ஃப்ளட் லைட் கம்பத்தில் கொடி படர்ந்திருந்தது. கரண்ட் பில் கட்ட ஒதுக்கீடு இல்லையாம். அதே இடத்தில் முன்பு பொட்டல் வெளி இருந்தபோது பையன்கள் இஷ்டத்துக்கு ஆடினார்கள். இப்போது சுவர், பூட்டு. அந்தப் பொட்டலும் ஸ்டேடியத்தின் விலையில் சேர்த்திதான். எந்த எஸ்டிமேட்டிலும் அது வராது.

"ரொம்பக் கணக்குப் பார்த்தா அதோ அந்தக் கோபுரம் வந்திருக்குமா தம்பி?" என்று மாஸ்டரே மடக்கினார். நியாயம். 217 அடி ராஜகோபுரம், கிருஷ்ணதேவராயர் ஆரம்பித்து, தஞ்சை நாயக்கர் சேவப்பர் காலத்தில் முடிந்தது. எந்த ஆடிட்டரும் அதற்குக் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டார். ஓடுகிற ஒரு பையனுக்கு வேலை கிடைத்து, வீட்டில் அடுப்பெரிந்தால் அதையும் எந்தப் பேரேட்டில் எழுதுவது? எனக்கு முழு பதில் கிடைக்கவில்லை. ஸ்டேடியம் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. அடிக்கல்லில் மந்திரி பேருக்குக் கீழே, வருஷத்துக்கு இவ்வளவு செலவு, அது இந்தக் கணக்கிலிருந்து வரும் என்று இரண்டு வரி செதுக்கச் சொல்கிறேன். ஆடு எத்தனை என்று தெரிய வேண்டாமா?

மாஸ்டர் எழுந்தார். ஊருக்கு வெளியே ஒரு காலி மனையில் லேன் போடப் போகிறாராம். மழை பெய்தால் கோடு அழிந்துவிடும், மறுபடி போடவேண்டும். சுண்ணாம்பு மூட்டை யார் வாங்கித் தருகிறார்கள் என்று கேட்டேன்.

"பென்ஷன் வருதில்ல" என்று சொல்லிவிட்டு விசிலை ஊதினார். பையன்கள் திரும்பி ஓடி வந்தார்கள்.